பத்து பேருக்கு ஊட்டியில் ரூம்: எல்லோருக்கும் ஏற்ற தங்குமிடத்தை கம்ப்யூட்டர் மூலம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்கு ஒரு வேலை தானாக வந்து சேரும். "வீட்டிலதான் கம்ப்யூட்டர் இருக்கே, எல்லாருக்கும் சேர்த்து நீயே ஊட்டியில ரூம் பார்த்துடு" என்று உறவினர்கள் சொல்லிவிடுவார்கள். நீங்களும் ஆர்வமாக உட்கார்ந்து, ஹோட்டல் புக்கிங் வெப்சைட் ஒன்றைத் திறப்பீர்கள். அது உங்களிடம் மூன்று கேள்விகள்தான் கேட்கும். எந்த ஊர்? எந்தத் தேதி? எத்தனை பேர்? பத்து பேர் என்று டைப் செய்து என்டர் தட்டினால் நூற்றுக்கணக்கான இடங்கள் வந்து நிற்கும்.

அந்தப் பத்து பேரில் ஒருவர் முழங்கால் வலியுள்ள பாட்டி, ஒருவர் இரண்டு வயதுக் குழந்தை, ஒருவர் இரவு இரண்டு மணி வரை தூங்காத கல்லூரி மாணவர் என்பது அந்த வெப்சைட்டுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பது நீங்கள்தான். எனவே தேடுவதற்கு முன்பும், தேடிய பின்பும் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். அதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் போதும். எம்.எஸ். எக்ஸெல் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கூகுள் அக்கவுண்ட் உள்ளவர்களுக்கு கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே இந்த மூன்றிலும் செய்யக்கூடியவை.

முதலில் ஆட்கள், பிறகு அறைகள்

நான் சாப்ட்வேர் துறையில் இருக்கிறேன். ஒரு புரோகிராம் எழுதும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதி வைப்பது எங்கள் முதல் வேலை. குடும்பச் சுற்றுலாவுக்கும் இதையே செய்தேன். எங்கள் குழுவில் பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகன், அக்கா, அத்தான், அவர்களுடைய குழந்தை, நான் எனப் பத்து பேர்.

புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து முதல் நெட்டு வரிசையில் ஒவ்வொருவர் பெயராக டைப் செய்யுங்கள். இரண்டாவது நெட்டு வரிசைக்கு "கட்டாயம்" என்றும், மூன்றாவதற்கு "விருப்பம்" என்றும் தலைப்பு கொடுங்கள். கட்டாயம் என்றால், அது இல்லாவிட்டால் அவர் அங்கே தங்கவே முடியாது. விருப்பம் என்றால், இருந்தால் சந்தோஷப்படுவார், இல்லாவிட்டாலும் சமாளிப்பார். இந்த இரண்டையும் கலந்து எழுதினால் பின்னால் எல்லாக் கணக்கும் குழம்பிவிடும்.

பட்டியலில் பலர் மறக்கும் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள். வேன் எடுத்துப் போனால் டிரைவர் பதினோராவது ஆள். மலைமேல் இரவுக் குளிரில் அவர் வேன் சீட்டிலேயே தூங்க நேர்ந்தால், மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் அத்தனை பேரையும் ஓட்டிச் செல்லப் போவது தூக்கம் கலையாத அந்தக் கண்கள்தான். அவருக்கு ஒரு கட்டில், கம்பளி, கழிப்பறை ஆகியவை கட்டாயம் பகுதியில் இருக்கட்டும்.

"எனக்கு எதுவானாலும் சரி"

பெரியவர்களிடம் "எப்படிப்பட்ட இடம் வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சிரமம் தரக் கூடாது என்று நினைத்துச் சொல்வார்கள். அதை அப்படியே ஷீட்டில் ஏற்றினால், கட்டாயம் எதுவும் இல்லாதவர் என்றுதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பயணம் முடிந்து திரும்பும்போது மூன்று நாளும் அறையை விட்டு வெளியே வராதவர் அவராகத்தான் இருப்பார்.

எனவே எண்ணிக்கையில் பதில் வரும்படி கேளுங்கள். எங்கள் பாட்டியிடம் நான் கேட்டவை இவை: கைப்பிடி இல்லாமல் எத்தனை படி ஏறுவீர்கள்? இரவில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள்? நாங்கள் வெளியே போகும்போது நீங்கள் எவ்வளவு நேரம் தனியாக இருப்பீர்கள், அப்போது என்ன செய்யப் பிடிக்கும்? முதல் கேள்விக்கு "நாலு" என்றார். இரண்டாவதற்கு "மூணு தடவை" என்றார். மூன்றாவதற்குச் சற்று யோசித்து, "தெருவுல ஜனங்க போறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்" என்றார். எதுவானாலும் சரி என்றவரிடம் இவ்வளவு பதில்கள் இருந்தன.

தரைத்தளத்தில் அறை, அறையை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட், வாசலில் நான்கு படிக்கு மேல் இல்லாமை ஆகிய மூன்றும் கட்டாயத்தில் சேர்ந்தன. தெருவைப் பார்க்கும் ஜன்னல் விருப்பத்தில் சேர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூகுள் ஷீட்ஸில் ஷேர் பொத்தானை அழுத்தி எல்லோருக்கும் இந்த ஷீட்டை அனுப்பும் முன் யோசியுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார் என்ற விவரம் வீட்டு மாப்பிள்ளை பார்க்கும் ஷீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஆட்களின் விவரங்களை ஒரு ஃபைலிலும், தங்குமிடங்களின் விவரங்களைத் தனி ஃபைலிலும் வையுங்கள். இரண்டாவதை மட்டும் பகிருங்கள். பகிரும்போது "வியூவர்" என்ற உரிமையை மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் படிக்கலாம், மாற்ற முடியாது.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

இப்போது வெப்சைட்டுக்கு வரலாம். தேடல் முடிவுகளுக்குப் பக்கத்தில் ஃபில்டர் பகுதி இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் விலையை மட்டும் குறைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் கீழே இறங்கினால் லிஃப்ட், தரைத்தள அறை, பார்க்கிங், சமையலறை, சக்கர நாற்காலி வசதி போன்றவையும் இருக்கும். உங்கள் கட்டாயப் பட்டியலில் உள்ளவற்றை டிக் செய்யுங்கள். நூற்றுக்கணக்கான இடங்கள் சட்டென்று இருபது, முப்பதாகச் சுருங்கும்.

அடுத்து கூகுள் மேப்ஸ். ஹோட்டல் விளம்பரத்தில் "ஏரிக்கு மிக அருகில்" என்று இருந்தால் நம்ப வேண்டாம். மேப்பில் அந்த ஹோட்டல் மீது ரைட் கிளிக் செய்து "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஏரியின் மீது கிளிக் செய்தால் நேர்கோட்டுத் தூரம் தெரியும். மலையில் நேர்கோடு பயன்படாது என்பதால், "டைரக்‌ஷன்ஸ்" மூலம் சாலைத் தூரத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் ஒரு சரிவு இருக்கிறது என்று அர்த்தம்.

ஊரின் உயரத்தையும் மறக்காதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை வழியே 20 கிலோமீட்டர் அளவில் கீழே உள்ள குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி பார்த்தால் குன்னூரில் குளிர் இரண்டரை டிகிரி குறைவு. இளைஞர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அதிகாலையில் தெரியும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது மேலே இருக்கும் புகழுரைகளை விட்டுவிடுங்கள். "சார்ட்" என்ற இடத்தில் "லோயஸ்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் முதலில் வருவார்கள். ரிசப்ஷனில் யாரும் சிரிக்கவில்லை என்பது போன்ற குறைகளைத் தாண்டிவிடலாம். சுடுநீர், படிகள், ஈரம், சத்தம் என்று நாலைந்து பேர் ஒரே குறையைச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோக்களிலும் ஹோட்டல்காரர் போட்டதை விட, தங்கியவர்கள் போட்டதைப் பாருங்கள்.

கார் முதல் கட்டில் வரை ஒரு வீடியோ

நீலகிரியில் பல வீடுகள் சரிவில் கட்டப்பட்டவை. சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இருபது, முப்பது படி கீழே இறங்கினால்தான் வீட்டு வாசல் வரும். "தரைத்தள அறை" என்று வெப்சைட்டில் போட்டிருப்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தத் தரைக்குப் போக முப்பது படி. இதை எந்த ஃபில்டரும் சொல்லாது.

இதற்கு எளிய வழி உண்டு. அங்கே இருப்பவருக்குப் போன் செய்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை, நடுவில் நிறுத்தாமல் நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான். படிகள், கைப்பிடி, வழியில் விளக்கு, பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குழந்தை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்பது எல்லாம் அதில் தெரிந்துவிடும். நான் கேட்ட ஆறு இடங்களில் நான்கு பேர் அனுப்பினார்கள். அனுப்பாத இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அனுப்பியதில் ஒன்றில் படிகளை எண்ணினேன். இருபத்தாறு. அதையும் எடுத்துவிட்டேன். மூன்று மிஞ்சின.

போனிலேயே இவற்றையும் கேட்டுவிடுங்கள்:

1. பத்து பேர் தங்கலாம் என்றால் கட்டில்கள் எத்தனை, தரையில் போடும் மெத்தைகள் எத்தனை?

2. சுடுநீர் நாள் முழுவதும் வருமா? சோலார் ஹீட்டர் மட்டும் என்றால் மேகமூட்டமான நாளில் என்ன ஏற்பாடு?

3. குளியலறைகள் எத்தனை? பெரியவர்கள் ஒன்பது பேருக்குத் தலைக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 180 நிமிடம். இரண்டு குளியலறை என்றால் 100 நிமிடம். நான்கு இருந்தால் 60 நிமிடத்தில் எல்லோரும் தயார்.

4. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா? நெபுலைசர் போன்ற கருவி பயன்படுத்துபவர் குழுவில் இருந்தால் இது கட்டாயம்.

5. குளிருக்கு அறையில் என்ன வசதி? கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடமே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மார்க் போடும் நேரம்

மிஞ்சிய மூன்று இடங்களும் எல்லோருடைய கட்டாயத் தேவைகளையும் நிறைவேற்றுகின்றன. இனி விருப்பம். குன்னூரை அடுத்து தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய பங்களா, ஊட்டியில் பஸ் போகும் சாலையோரம் நான்கு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டல் ஏற்பாடு, கோத்தகிரியில் ஒரு வீடு. பெரியவர்கள் ஒவ்வொருவரும் மூன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க் போட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. மாமனார் 5 போட்டதைப் பார்த்த மருமகன் 2 போட மாட்டார். எனவே தனித்தனியாகப் போனில் கேட்டு நானே டைப் செய்தேன். குழந்தைக்கும் சேர்த்து அக்கா போட்டார்.

வந்த மார்க்குகள் இவை (பங்களா, ஹோட்டல், வீடு என்ற வரிசையில்):

பாட்டி: 1, 4, 3
அப்பா: 5, 3, 4
அம்மா: 4, 4, 3
சித்தப்பா: 5, 3, 3
சித்தி: 5, 4, 4
சித்தி மகன்: 5, 4, 2
அக்கா: 4, 4, 4
அத்தான்: 5, 3, 3
நான்: 4, 4, 4

இப்போது கூட்டிப் பார்ப்போம். பங்களா மார்க்குகளுக்குக் கீழே உள்ள காலி செல்லில் கிளிக் செய்யுங்கள். மேலே டூல்பாரில் கிரேக்க எழுத்தான சிக்மா வடிவில் ஒரு பொத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் சம், ஆவரேஜ், மின், மேக்ஸ் என்று ஒரு பட்டியல் விரியும். "சம்" என்பதைத் தேர்ந்தெடுத்து, மவுஸால் ஒன்பது மார்க்குகளையும் இழுத்துத் தேர்வு செய்து என்டர் தட்டுங்கள். பங்களாவுக்கு 38, ஹோட்டலுக்கு 33, வீட்டுக்கு 30. பங்களாதான் வெற்றி என்று தோன்றும்.

அவசரப்படாமல், அதற்கும் கீழே உள்ள செல்லில் கிளிக் செய்து இந்த முறை "மின்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொடுத்த எண்களிலேயே மிகச் சிறியதை எடுத்துத் தருவதுதான் இதன் வேலை. இங்கும் ஒன்பது மார்க்குகளை மட்டும் தேர்வு செய்யுங்கள். ஏற்கெனவே போட்ட கூட்டுத்தொகை அதில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்களாவுக்கு 1, ஹோட்டலுக்கு 3, வீட்டுக்கு 2 என்று வரும்.

கூட்டுத்தொகை 38 என்பது உண்மைதான். ஆனால் எட்டு பேரின் மகிழ்ச்சிக்குள் ஒருவரின் மூன்று நாள் மறைந்துவிட்டது. மின் அந்த ஒருவரை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது. எல்லோரும் சேர்ந்து போகும் பயணத்தில், மிகக் குறைவாக மகிழ்பவருக்கு எது அதிகமாகக் கிடைக்கிறதோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. முடிவெடுக்கும் கணிதத்தில் இதற்கு மேக்ஸிமின் என்று பெயர். இரண்டு இடங்களுக்கு மின் சமமாக வந்தால் மட்டும் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

பாட்டி ஏன் 1 போட்டார்? பங்களாவில் படி இல்லை, டாய்லெட் பக்கத்திலேயே இருந்தது. "சுத்தி செடிதான் இருக்கு, மனுஷாளே இல்லையே" என்றார். நாங்கள் சுற்றப் போகும் நேரமெல்லாம் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி 2 அல்லது அதற்குக் குறைவாக யார் போட்டாலும் காரணத்தைக் கேட்டு, அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து "காமென்ட்" ஆகச் சேர்த்து வையுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு. தனக்குப் பிடித்த இடம் ஜெயிக்க வேண்டும் என்று மற்ற எல்லாவற்றுக்கும் 0 போடுபவர், காரணம் கேட்டால் மாற்றிக்கொள்வார்.

நாங்கள் ஹோட்டலை முடிவு செய்தோம். பங்களாவுக்கு 5 போட்டவர்களுக்காக ஒரு நாள் பிற்பகல் தேயிலைத் தோட்டத்துக்கு என்று ஒதுக்கினோம். சாலையைப் பார்த்த அறை பாட்டிக்கு. யாரும் குறை சொல்லவில்லை.

வாடகையின் முழுக் கணக்கு

வெப்சைட்டில் பெரிய எழுத்தில் இருப்பது வாடகை மட்டும்தான். வரி, காலை உணவு, கூடுதல் மெத்தை, டிரைவர் தங்கும் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஷீட்டில் ஒரு வரிசை கொடுத்து, கடைசியில் கூட்டிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை ரூ. 7,500 வரை இருந்தால் 5 சதவீதமும், அதற்கு மேல் போனால் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. என்று மாற்றப்பட்டது. ரூ. 3,750 வீதம் நான்கு அறைகள் என்றால் ரூ. 15,000க்கு வரி ரூ. 750. அதே ரூ. 15,000க்கு ஒரு முழு காட்டேஜை ஒரே அலகாகக் கொடுத்தால் வரி ரூ. 2,700. ஒரு இரவுக்கே ரூ. 1,950 வித்தியாசம். எனவே "வரி சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

பணம் அனுப்பும் முன்

இன்டர்நெட்டில் ஹோட்டல் பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வரும் போன் நம்பருக்கு அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள். பிரபல விடுதிகளின் பெயரில் போலி நம்பர்களும், அச்சு அசலான போலி வெப்சைட்டுகளும் உலவுகின்றன. மேப்ஸில் உள்ள நம்பர், ஹோட்டலின் சொந்த வெப்சைட்டில் உள்ள நம்பர், புக்கிங் வெப்சைட்டில் உள்ள விவரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் ஹோட்டலின் பெயரா, சம்பந்தமில்லாத தனி நபரின் பெயரா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ரீஃபண்ட் தருகிறேன், பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

புக்கிங் உறுதியானதும் வரும் மெயிலை பிரிண்ட் எடுத்து, கேன்சல் செய்ய கடைசித் தேதி எது என்பதை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்ல இ-பாஸ் வாங்கும் முறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் இடம் ஆகியவை தேவைப்படும் என்பதால் ரூம் முடிவானதும் அரசு வெப்சைட்டில் அப்போதைய விதிகளைப் பார்த்து விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்த ஒர்க்‌ஷீட்டை அழித்துவிட வேண்டாம். மார்க்குகளை மட்டும் நீக்கிவிட்டு வேறு பெயரில் சேவ் செய்து வைத்தால், அடுத்த ஆண்டு ஊர் மாறினாலும் ஆட்கள் அவர்களேதான். பாட்டியின் "நாலு படி" அப்போது இரண்டாகியிருக்கலாம். அந்த ஒரு செல்லை மட்டும் மறுபடி கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.